எந்த ரூபாய்

வட்டகொடைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் மீனம்மாவிடம் வாய் கொடுக்க யாரும் விரும்புவதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோ குறைத்து எழுதினால், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவையே நிறுத்திவைத்துக் கேட்பாள். ஈரத்துக்கென்று கழிக்கும் கணக்கு வெயில் நாளிலும் ஏன் கழிகிறது என்று ஒருமுறை அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை. வரிசை வீடுகளான லயத்தில், பைப்படியில் தண்ணீர்ச் சண்டை என்றால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். புருஷன் வீரய்யா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்து நெஞ்சுக்குள் தூசியை வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்ட மனிதர். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் இருமல்தான் முதலில் வரும்.

மகன் கிஷாந்த் தலவாக்கலையில் வாடகைக்கு எடுத்த ஆட்டோ ஓட்டினான். நாள் வாடகையும் பெட்ரோலும் போக மிச்சம் நிற்பது கொஞ்சம்தான். சொந்தமாக ஒரு ஆட்டோ வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு அவனிடம் கிடையாது.

மீனம்மாவுக்கு இரண்டு அண்ணன்கள். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எழுபத்து நான்கில், இரண்டு பேரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலம் அது. அண்ணன்மார் அந்தப் பக்கத்துப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் மீனம்மாவும் இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். "நம்ம நூறு ரூவாய குடுத்தா அங்க நூறுக்கு மேல தருவானாம். இவனுங்களுக்கு என்னா குறை?" என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அன்றைக்கு அது உண்மைதான். அடுத்த சில வருஷங்களிலேயே அது தலைகீழாகிவிட்டது. அதற்குப் பிறகு இலங்கை ரூபாய் இந்திய ரூபாய்க்கு மேலே எழுந்ததே இல்லை. ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று இறங்கிக்கொண்டே போனது. அப்பா அதைப் பார்க்கும் முன்பே செத்துப்போனார்.

அண்ணன்மார் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள். மூத்தவர் கல்யாணம் கட்டி மதிவாணன் என்று ஒரே மகனைப் பெற்று, ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். இளையவர் காளிமுத்து கல்யாணமே செய்யவில்லை. சேர்த்த காசில் ஓட்டு வீடு ஒன்று கட்டி ஒற்றையாளாக இருந்தார். கையில் போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சியோடு முகம் பார்த்துப் பேசுவார். "நான் போய்ட்டா இந்த வீட்டுல பாதி உனக்கு, பாதி மதிக்கு. நான் அவன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்பார். "பேச்ச விடுங்கண்ணே" என்று மீனம்மா அதட்டுவாள்.

இரண்டாயிரத்து இருபது கடைசியில், கொரோனா நேரத்தில், காளிமுத்து இறந்தார். போய்ப் பார்க்க வழியில்லை. போனில் சிதையைக் காட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து மதிவாணன் கூப்பிட்டான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். பேச்சு எப்போதும் குழைவாக இருக்கும்.

"அத்தை, சித்தப்பா வீட்ட கேட்டு ஒரு ஆள் வந்திருக்கார். ஆறு லட்சம் வரைக்கும் போகும். சித்தப்பா சொன்ன மாதிரி பாதிக்குப் பாதி. உங்களுக்கு மூணு லட்சம் அனுப்பிடறேன். சித்தப்பா எதையும் எழுதி வைக்கல, உங்க கையெழுத்து இல்லாம விக்க முடியாது. கண்டியில இந்தியத் தூதரக ஆபீஸ் இருக்கில்ல, அங்க போயி எனக்கு ஒரு பவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, போதும்."

"நல்லா இருப்ப சாமி. பணம் வரட்டும், மறுநாளே போயிர்றேன்" என்றாள் மீனம்மா.

அன்றைக்கு இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கைக் காசு இரண்டு ரூபாய் அறுபது, எழுபது சதம். கிஷாந்த் போனில் தட்டிப் பார்த்து, "எட்டு லட்சத்துக்குக் கிட்ட வருதும்மா" என்றான். ஹற்றனில் பழைய ஆட்டோ ஒன்று ஏழரைக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் அதைப் போய்ப் பார்த்து, சீட்டில் உட்கார்ந்துவிட்டும் வந்தான்.

பணம் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. மீனம்மா வேலைக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு தலவாக்கலை வங்கிக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிங்களத்தில் மூன்று லட்சம் என்றாள். மீனம்மா சிரித்தாள். "இந்தியா காசு மூணு லட்சம். நம்ம காசு எவ்வளவுன்னு பாருங்க மிஸ்" என்றாள், தெரிந்த சிங்களத்தில். அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். இலங்கை ரூபாய் மூன்று லட்சம். வந்ததே அவ்வளவுதான்.

வங்கிப் படியில் நின்றே மருமகனைக் கூப்பிட்டாள்.

"மதி, காசு குறைச்சலா வந்திருக்கே."

"இல்லையே அத்தை. மூணு லட்சம் வந்திருக்கணுமே."

"இது எங்க ரூவால்ல மூணு லட்சம்."

"ஆமா. உங்களுக்குத் தர்றத உங்க ரூபாயிலதான பேச முடியும்?"

"வீடு எந்த ஊர்ல இருக்கு? ஆறு லட்சம்னு எந்த ரூவாயில சொன்ன?"

 குழைவு போன குரலில் அவன் சொன்னான்: "ரூபாய்னுதான் சொன்னேன். எந்த ரூபாய்னு நீங்க கேக்கல. அங்க அது பெரிய காசு அத்தை. வச்சுக்கிட்டு கையெழுத்தப் போடுங்க."

மீனம்மா போனை வைத்தாள். திரும்பி உள்ளே போய் அந்த மூன்று லட்சத்தையும் எடுத்து வேறு கணக்கில் போட்டாள். கண்டிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் மதிவாணன் கூப்பிட்டபோது, "நீ மிச்சத்த அனுப்பு. நான் கையெழுத்த அனுப்புறேன்" என்றாள். பணமும் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறீர்களே என்று அவன் கத்தினான். "அது என் அண்ணன் வீட்டுல ஒரு பங்கு. என்னா, நீ பிச்சை போட்டதா?" என்று இவளும் கத்தினாள். பக்கத்து வீட்டு வேலாயி சுவரில் காதை வைத்திருந்தாள். மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மீனம்மாவைப் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல தீனி. இந்தியாக் காசு வரப்போகிறது என்று முன்பு அவளே பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்.

வீட்டை வாங்க வந்த ஆள் ஆறு மாதம் பார்த்துவிட்டு வேறு வீடு வாங்கிக்கொண்டான். அந்தக் கோபத்தையும் மதிவாணன் போனில் கொட்டினான்.

இருபத்திரண்டாம் வருஷம் எல்லாம் கவிழ்ந்தது. மார்ச்சில் டாலர் ஏறியது. கூடவே இந்திய ரூபாயும் ஏறியது. மூன்று, மூன்றரை, நான்கு என்று போய், ஆனி ஆடி வாக்கில் நாலரையைத் தாண்டி நின்றது. கோதுமை மா விலை ஏறி ரொட்டி சின்னதானது. கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. வேலை முடிந்து வரும் பெண்கள் தலையில் விறகுக் கட்டோடு வந்தார்கள். கிஷாந்த் பெட்ரோல் அடிக்கும் செட் வரிசையில் ஆட்டோவுக்குள்ளேயே படுத்துத் தூங்கினான். ஓடாத நாளுக்கும் ஆட்டோவின் சொந்தக்காரன் வாடகை கேட்டான். வீரய்யாவின் நெஞ்சு மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. வெளியே வாங்கினால் மூன்று மடங்கு விலை. வங்கியில் போட்டிருந்த மூன்று லட்சத்தை மீனம்மா கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மதிவாணன் கூப்பிட்டான்.

"எப்பிடி இருக்கீங்க அத்தை? டி.வி.ல பாக்கறோம். கஷ்டமா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கோம்."

"நாள் சம்பளம் இன்னும் அதே ஆயிரம்தானா? எங்க காசுக்கு இருநூத்தி இருவது ஆகுது. இங்க கொழுந்து பறிக்கறவங்களுக்கு நானூறுக்கு மேல." கொஞ்சம் நிறுத்தி, "சரி, போனது போகட்டும். இன்னும் மூணு லட்சம் தர்றேன். மொத்தம் ஆறு லட்சமாச்சு. வீட்டோட முழு விலையே உங்களுக்கு வந்த மாதிரி" என்றான்.

"எந்த ரூவா?"

"உங்க ரூபாய்தான்."

"அது உனக்கு அறுபத்தஞ்சாயிரம். கடையில ரெண்டு போனு வித்தா வர்ற காசு. எங்க ஊரு பத்தி எரியுறப்ப மலிவா வாங்கிப்போட வந்தியா? போன வையி."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிஷாந்த் எழுந்து வெளியே போனான். வீரய்யா மெதுவாகச் சொன்னார்: "வாங்கிக்கயேன் புள்ள. இப்ப இருக்க நெலமைக்கு."

"நீங்க சும்மா இருங்க."

ஆவணியில் ஒருநாள் கிஷாந்த் சிரித்த முகத்தோடு வந்தான். மதி மச்சானோடு தானே பேசிவிட்டதாகவும், இந்தியக் காசே தர ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான். மீனம்மா நம்பினாள். மகன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். கண்டி பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பளை வரை நின்றுகொண்டே போனார்கள். தூதரக அலுவலகத்தில் பெயரைக் கூப்பிடக் காத்திருந்தபோது, "மதிகிட்ட ஒரு வார்த்த கேட்டுர்றேன்" என்று மீனம்மா போனை வாங்கினாள். கிஷாந்த் கொடுக்கத் தயங்கினான். அவள் பிடுங்கித்தான் வாங்கினாள்.

"மதி, கையெழுத்துப் போட வந்திருக்கேன். எவ்வளவு அனுப்புற?"

"மூணு லட்சம் அத்தை. கிஷாந்த்கிட்ட பேசியாச்சே. நீங்க போட்டதும் அவன் அக்கவுண்டுக்கு வந்துடும்."

"எந்த ரூவா?"

"அத கிஷாந்த்கிட்டயே கேளுங்க அத்தை" என்றான். மீனம்மா மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். உள்ளே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மாவும் மகனும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பளை தாண்டிய பிறகுதான் கிஷாந்த் வாயைத் திறந்தான்.

"ஆயுசு முழுக்கக் கொழுந்து பறிச்சாலும் மூணு லட்சத்த நீங்க சேத்துப் பாத்திருக்கீங்களா? நீங்க சரின்னு காட்டணும். அதுக்கு நானும் அப்பாவும் பட்டினி கெடக்கணும்."

"பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தவன் பேசுறியா?"

"உண்மையச் சொன்னா வந்திருப்பீங்களா?"

 மகனை அடிக்க அவளுக்குக் கை வந்தது; பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் அவன் ஆட்டோ சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனான். மஃறூப் என்ற தலவாக்கலைக் கடைக்காரர், புறக்கோட்டையிலிருந்த தன் சொந்தக்காரர் துணிக்கடையில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு அவன் அப்பாவோடு மட்டும்தான் பேசினான். மீனம்மா போனை எடுத்தால், "அப்பா இல்லையா?" என்பான்.

மதிவாணன் நேரில் வந்தது இருபத்துநான்காம் வருஷம். வீட்டுக்கு வேறு ஆள் கிடைத்திருந்தான். இந்த முறை தவறவிட முடியாது. மனைவி புனிதாவையும் கூட்டிக்கொண்டு, நுவரெலியாவில் இரண்டு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு செய்துகொண்டு, வழியில் தோட்டத்துக்கு வந்தான். வழுக்கை விழுந்திருந்தது. சாயலில் காளிமுத்து அண்ணனைப் போலவே இருந்தான். அது மீனம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது.

தேத்தண்ணி கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரை யாரும் விஷயத்தை எடுக்கவில்லை. பிறகு மதிவாணன் புனிதாவைப் பார்த்தான். அவள் சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த துணிப்பையை எடுத்தாள். உள்ளே இந்திய ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள். அவ்வளவு காசைக் கையில் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். ஏர்போர்ட்டில் புனிதாவுக்கு உயிர் போய் வந்ததாம்.

"நீங்க கேட்ட மாதிரி இந்தியக் காசு. பேசின மூணு லட்சத்துல, முன்னாடி அனுப்பினத கழிச்சிட்டு மிச்சம் இருக்கு. ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்."

மீனம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "நீ அனுப்புனது எங்க காசு மூணு லட்சம். இன்னைக்கு மூணே அறுவதுன்னு போகுது. உன் காசுக்கு எண்பத்து மூவாயிரம். அதத்தான் கழிக்கணும். நீ என்னா லட்சத்துக்கு மேல கழிக்கிற?"

"இன்னைக்கு ரேட் எதுக்கு? நான் அனுப்பின அன்னைக்கு ரெண்டு அறுபத்தேழு. என் பாக்கெட்ல இருந்து போனது ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம்." போனை எடுத்துத் தேடி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கோடு ஒன்று மலைபோல ஏறி இறங்கியிருந்தது. அதில் விரலை வைத்து அந்தத் தேதியைக் காட்டினான். "பாருங்க. நான் பொய் சொல்லல."

மீனம்மா பார்த்தாள். அவன் சொல்வதில் நியாயம் இருப்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. கொழுந்துக் கணக்கில் அவளே அப்படித்தான் பேசுவாள்: அன்றைய நிறை, அன்றைய கணக்கு. ஆனால் இவன் முன்னால் அதை ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"அன்னைக்கு ரேட்டு உன் போனுக்குள்ள பத்தரமா இருக்கு. அன்னைக்கு நீ சொன்ன சொல்லு எங்க இருக்கு? ஒழுங்கா அன்னைக்கே அனுப்பியிருந்தா இந்தக் கணக்கே வந்திருக்காது. நீ ஏமாத்துனதுக்கு நான் ஏன் பழைய ரேட்டு தரணும்?"

"இந்த வீட்ட விக்க முடியாம மூணு வருஷம் நான் வரி கட்டியிருக்கேன். ஒரு பார்ட்டி கைவிட்டுப் போச்சு. அத யார் தருவா?"

"எம் மகன் வீட்ட விட்டுப் போயிட்டான். அத நீ தருவியா?"

வீரய்யா இருமிக்கொண்டே எழுந்து நின்றார். "ரெண்டு பேரும் பாதிப் பாதியா விட்டுக் குடுங்க. ஒரே ரத்தம்…"

"நீங்க உக்காருங்க" என்றாள் மீனம்மா. "ரெண்டு லட்சத்துப் பதினேழாயிரம். இல்லன்னா கண்டிக்கு நான் வரல. வீட்ட நீயே வச்சிக்க."

மதிவாணன் எழுந்துவிட்டான். "இந்த லயத்துல இருந்துக்கிட்டு இம்புட்டுத் திமிரா? சித்தப்பா உங்களப் பத்தி நல்லவிதமாச் சொல்லிட்டே செத்தாரு. அவருக்குத் தெரியல."

"எங்கண்ணனப் பத்தி நீ பேசாத."

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத புனிதா எழுந்தாள். தன் கைப்பையைத் திறந்து, ஊர் சுற்றிப் பார்க்க வைத்திருந்த காசை எடுத்து எண்ணினாள்.  இருபத்தொன்பதாயிரத்தைத் துணிப்பைக்கு மேலே வைத்தாள். மீனம்மா பக்கம் திரும்பாமலே, "போதுங்க. இன்னைக்கே கண்டிக்குப் போயிடலாம். ஹோட்டல வேணாம்னு சொல்லிடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

அவள் முகத்தைப் பார்த்தபோது மீனம்மாவுக்குள் ஏதோ இளகியது. ஐந்தோ பத்தோ திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கை நீளவில்லை. காசைப் பையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டிக்கு ஒரே வேனில் போனார்கள்.  கையெழுத்துப் போட்டு முடித்ததும் மதிவாணன் பேப்பரை இரண்டு முறை சரிபார்த்து உறையில் வைத்தான். "இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்றான். "இருந்துச்சா?" என்றாள் மீனம்மா. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வீரய்யா கெஞ்சினார். அவர்கள் நிற்கவில்லை. அன்று இரவே அவள் எண்ணை மதிவாணன் பிளாக் செய்துவிட்டான். மதிவாணன் தன் முகப்பில் வைத்திருந்த காளிமுத்துவின் படத்தைப் பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்த வீரய்யாதான் அதைக் கண்டுபிடித்தார்.

காசு மாற்றும் கடையில் மூன்றரைக்குத்தான் எடுத்தார்கள். ஏழரை லட்சத்துக்குச் சற்று மேலே வந்தது. மீனம்மா கிஷாந்தைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும், அப்பாவைக் கேட்கும் முன்பே சொன்னாள்:

"காசு வந்திருச்சி. வந்து எடுத்துக்க. ஹற்றன்ல அந்த ஆட்டோ இருக்கான்னு பாரு."

கிஷாந்த் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பில்லை. "அது வித்து மூணு வருஷமாச்சு. இப்ப அதே மாதிரி பழசு ஒண்ணு பதினஞ்சு லட்சம். உங்க காசுக்குப் பாதி ஆட்டோதான் வரும். பின்னால ரெண்டு சக்கரத்த வாங்கி என்னா செய்ய?"

"லீசிங் போட்டு மிச்சத்தக் கட்டலாமே."

"வேணாம்மா. வச்சிக்கங்க. அப்பாவுக்கு மருந்து வாங்குங்க."

அம்மா என்று அவன் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.  மீனம்மா இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

ஒழுகிய கூரைத் தகரத்தை மாற்றினாள். மிச்சத்தை வங்கியில் வைப்பில் போட்டாள். தீபாவளிக்குக் கிஷாந்த் வந்தான். புதுத் தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னான். அம்மா போட்டதைச் சாப்பிட்டான். இரண்டாம் நாள் போய்விட்டான்.

தை மாதத்தில் ஒருநாள், கீழ் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நிரையிலிருந்த வேலாயி கேட்டாள்: "ஏக்கா, அண்ணன் சொத்துன்னு அவ்வளவு சண்ட புடிச்சியே. கடைசியில என்னாதான் கெடச்சிச்சி?"

"கேட்டத வாங்கிட்டேன்" என்றாள் மீனம்மா.

வேலாயி இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மீனம்மா கூடையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த நிரைக்கு ஏறிப்போனாள்.